எந்த நரம்பு, அம்மா?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கீழே பூக்கடை, மேலே கிளினிக். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நரம்பு சுருட்டிக்கிச்சு தம்பி. ரொம்ப நேரம் நிக்க முடியல."

நான்கு வருடம் படித்த படிப்பு என் விரல் நுனியில் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. காலுக்குப் போகும் நரம்பு இடுப்பிலிருந்து கிளம்புகிறது. எனவே கோளாறு இடுப்பில்தான். மல்லாக்கப் படுக்க வைத்தேன். காலை மடக்காமல் மெல்லத் தூக்கினேன். முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினேன், குதிகாலுக்கு மேலே தட்டினேன், பஞ்சால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டேன். கால் மணி நேரம் போனது. எல்லாம் சரியாக இருந்தது. அந்த அம்மா நான் சொன்னபடியெல்லாம் செய்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். புடவையை முழங்கால் வரை ஏற்றிக் கெண்டைக்காலைக் காட்டினார். "இந்த நரம்புதான் தம்பி."

நீலமாய், முறுக்கிய கயிறு போல ரத்தக் குழாய்கள் புடைத்து நின்றன. முதுகெலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவரை வேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அன்றைக்கு நான் வாங்கிய பாடத்துக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

நம்முடைய 'நரம்பு' ஒரு தனி நபர் இல்லை. அது ஒரு கூட்டுக் குடும்பம். ஊசி போட வந்த தாதி "நரம்பு கிடைக்கல" என்றால் அது ரத்தக் குழாய். கோபத்தில் கத்துகிறவருக்குக் கழுத்தில் புடைப்பதும் ரத்தக் குழாய். ராத்திரி தூக்கத்தில் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்றால் அது தசை. கெண்டைக்கால் குரக்கு வலி. மணிக்கட்டில் கயிறு போல ஓடுவதை நரம்பு என்று காட்டினால் அது தசைநார். யாழுக்கும் வீணைக்கும்கூட நாம் நரம்புதான் கட்டினோம். மலாய்க்காரர்களிடம் போனாலும் தப்ப முடியாது. அவர்களுடைய 'ஊராட்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்: ரத்தக் குழாய், தசைநார், நரம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே அந்த முதல் வாரத்திலிருந்து யார் வந்து நரம்பு என்றாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த நரம்பு, அம்மா? விரல வச்சுக் காட்டுங்க."

நான் கிள்ளான்காரன். பாட்டி காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் கிளம்பி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துக் காண்டாக் கம்பில் தோளில் சுமந்து வந்த உடம்பு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து முதுகை என்னிடம் காட்டுவார். தைலம் தேய்ப்பது என் வேலை. "அங்க இல்லடா, இன்னும் கீழ, குறுக்குல. ஆங், அங்கதான் உளையுது." கைத்தொழிலில் என் முதல் ஆசிரியர் அவர்தான் என்று இப்போது தெரிகிறது.

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐஎம்யூ பல்கலைக்கழகத்தில் 2010-ஆம் ஆண்டு கைரோபிராக்டிக் பட்டப்படிப்பு தொடங்கியது. தென்கிழக்காசியாவிலேயே அதுதான் முதல். நான் அதில் சேர்ந்தபோது, அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் எல்லோரும் விழித்தார்கள். கிரேக்க மொழியில் கை, செய்தல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. 'கைவேலை' என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895-இல் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். பாட்டியிடம் இவ்வளவையும் விளக்கியபோது, "சுளுக்கு எடுக்கிறதுக்கா நாலு வருஷம்?" என்று கேட்டார்.

மாணவனாக இருந்தபோது விரலுக்குப் பார்வை கொடுக்க ஒரு பயிற்சி செய்வோம். புத்தகத் தாளுக்கு அடியில் ஒரு தலைமுடியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து தடவி அது கிடக்கும் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் இன்னொரு தாள், அதற்கு மேல் இன்னொன்று. எனக்கு மூன்றாவது தாளிலேயே முடி தொலைந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் என்றாலே பார்வையற்றோர் நடத்தும் உருவிவிடும் நிலையங்கள் நினைவுக்கு வரும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு நிலையத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். என் கையைப் பிடித்துத் தன் முன்கையில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு அழுத்துனா என்ன தெரியும்? அழுத்துற கைக்குக் காது கேக்காது தம்பி. சும்மா வைங்க. அதுவா வந்து சொல்லும்." அடுத்த வாரம் ஆறாவது தாள் வரை போனேன்.

கைக்குப் பிறகு காது. கல்லூரியில் வலியை அளக்க எங்களுக்குச் சொல்லித் தந்தது பூஜ்யம் முதல் பத்து வரை உள்ள எண் கோல். "உங்க வலிக்கு எத்தன மார்க் போடுவீங்க?" என்று கேட்டால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். ஒரு பாட்டி "அத நீங்கதானப்பா போடணும்" என்றார். அவர்களிடம் எண் இல்லை. ஆனால் அதைவிட நுட்பமான சொல் இருக்கிறது.

நாள் முழுக்க வேலை செய்த தசை 'உளையும்'. தேய்ந்த முட்டி 'குடையும்'. அடிபட்டு வீங்கிய இடம் 'விண்விண்' என்று தெறிக்கும். நரம்பின் வேர் நசுங்கினால் இடுப்பிலிருந்து பாதம் வரை 'சுள்ளென்று' இறங்கும்; இருமினால், தும்மினால் இன்னும் இறங்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் 'விறைத்து', அந்த விறைப்பு விட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், அது தேய்மானத்தைவிட மூட்டு அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். இரண்டு பாதமும் இரவில் 'எரியுது' என்றால், "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்பேன். நாட்டில் நீரிழிவு அதிகம் இந்தியர்களிடம்தான் என்று சுகாதார அமைச்சின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சர்க்கரை அரித்த நரம்பின் எரிச்சலுக்கு முதுகை அமுக்கி என்ன பயன்? ஆக, ஒரு வினைச்சொல் எனக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். பத்துக்கு ஏழு என்ற எண் அந்த வழியைக் காட்டியதே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தச் சொற்களை வீட்டில் விட்டுவிட்டு நோயின் பெயரோடு வருகிறவர்களிடம். "எனக்கு எல் ஃபோர் எல் ஃபைவ் டாக்டர்" என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்கள், ஊர்ப் பெயர் சொல்வது போல. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அசையும் முள்ளெலும்புகள் 24. இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதும் ஐந்தாவதும் எல் ஃபோர், எல் ஃபைவ். பாரம் அதிகம் இறங்கும் இடம் என்பதால் அறிக்கைகளில் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது. அவ்வளவுதான்.

'ஸ்பாண்டிலைடிஸ்' இன்னொன்று. கழுத்து வலித்தால் அது ஸ்பாண்டிலைடிஸ் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ். வயதோடு வரும் மாற்றம், நரை போல. ஸ்பாண்டிலைடிஸ் என்றால் அழற்சி. அது வேறு நோய், வேறு மருந்து. ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்றால் ஓர் எலும்பு தன் கீழ் எலும்பின் மேல் முன்னே நகர்ந்திருப்பது. கடைசி எழுத்துகள் மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

'ஜவ்வு' நரம்புக்குச் சளைத்ததில்லை. முட்டிக்குள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பும் ஜவ்வு, எலும்பையும் எலும்பையும் கட்டும் நாரும் ஜவ்வு, முதுகு டிஸ்க்கும் ஜவ்வு, காதுக்குள் இருப்பதும் ஜவ்வு.

இந்த டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டும் ஒருவர் வந்தார். வயது 41. நாற்காலியில் உட்காரும்போதே இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போலத் தன்னை இறக்கி வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் உறையில் பத்திரமாக இருந்தது. "டிஸ்க் விலகிடுச்சு, இனிமே பாரம் தூக்கவே கூடாதுன்னுட்டாங்க அண்ணே." யார் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "எதெல்லாம் தூக்கறதில்ல?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாப்பாவ" என்றார். மகளுக்கு மூன்று வயது. ஒரு வயதுக்குப் பிறகு அவளைத் தூக்கவில்லை.

டிஸ்க் விலகுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு ஒட்டியே இருப்பது அது. கேரம் காய் போல வழுக்கிக்கொண்டு போகாது. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே பூரணம். அமுங்கி அமுங்கி ஓரம் கொஞ்சம் புடைக்கலாம். சில சமயம் ஓடு கிழிந்து பூரணம் எட்டிப் பார்க்கும். பக்கத்தில் போகும் நரம்பில் பட்டால் கால் வலிக்கும். அப்படி வெளியே வந்ததைக்கூட உடம்பு பல பேருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. அவர்கள் படமெடுக்கப் போகாமல் இருந்திருந்தால் அது தெரியாமலேயே பாரம் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய காலில் பலம் குறையவில்லை, உணர்ச்சி குறையவில்லை. முதல் வாரம் 2 கிலோ, பிறகு 5 கிலோ அரிசிப் பை, பிறகு இரண்டு பை. என் கைவேலை அதில் கொஞ்சம்தான். பத்தாவது வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். இன்றும் நீண்ட தூரம் ஓட்டிய நாளில் அவருக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. முன்பு வலித்தால் "விலகிடுச்சு" என்பார். இப்போது "உளையுது" என்கிறார்.

என் தொழில் மட்டும் யோக்கியமா? சொற்களால் பயமுறுத்துவதில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. பால்மர், நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு இடம் மாறிய முள்ளெலும்பே காரணம் என்று எழுதியவர். அந்த இடமாற்றத்துக்கு 'சப்லக்ஸேஷன்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு மூட்டு பாதி நழுவியது என்று பொருள், எக்ஸ்ரேயில் தெரியும். எங்கள் தொழிலில் சிலர் சொல்லும் சப்லக்ஸேஷன் அப்படிப் படத்தில் பிடிபடுவதில்லை. அதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் கைரோபிராக்டிக் மன்றமே 2010-இல் அறிவித்துவிட்டது. முதுகைத் திருத்தி ஆஸ்துமாவைப் போக்குகிறேன் என்று யாராவது சொன்னால், பணப்பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள். இடுப்புவலி, கழுத்துவலி, சில வகைத் தலைவலி: எங்கள் கைக்கு எட்டும் வயல் அவ்வளவுதான், அதிலும் உடற்பயிற்சியோடு சேர்ந்தால்தான் நல்ல விளைச்சல்.

பிறகு அந்த 'டொக்' சத்தம். சத்தம் வந்தால் காசு செரித்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதற்கும் பாட்டியே காரணம் என்பேன். பேரப்பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். எத்தனை நெட்டி முறிகிறதோ அத்தனை கண்ணு பட்டிருக்கிறது என்று கணக்கு. அதே கணக்கோடு என் மேசையில் படுக்கிறார்கள்: எத்தனை டொக்கோ, அத்தனை எலும்பு சரியாகிவிட்டது என்று. உண்மையில் அங்கே எலும்பு எதுவும் உள்ளே போவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில், மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது வாயுக் குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுத்து நெட்டி முறிப்பதை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்தே காட்டினார்கள். நெட்டி முறித்தால் மூட்டுவலி வரும் என்ற மிரட்டலுக்கும் ஒரு பதில் உண்டு. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 வருடம் இடது கையை மட்டும் நெட்டி முறித்து, வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்று எழுதினார். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசு 2009-இல் அவருக்குக் கிடைத்தது.

'சுளுக்கு' மட்டும் எனக்குப் பிடித்த சொல். தசை இழுபட்டாலும் நார் இழுபட்டாலும் சுளுக்கு. கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு மாமாவைத் தேடிப் போவார்கள். போகுமா என்று கேட்காதீர்கள். சுளுக்கு என்று சொல்லும்போதே அது நாலு நாளில் போய்விடும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'தேய்மானம்' என்ற சொல்லில் அது இல்லை.

தேய்மானத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. என் அனுபவத்தில் இன்றும் வயிற்றைக் கலக்கும் ஒரு காலைப் பொழுதை அந்தச் சொல்தான் தந்தது. கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த அம்மா; வயது 68, மெலிந்த உடம்பு. "முதுகுல எலும்பு தேய்மானம்னு சொல்லியிருக்காங்க தம்பி." அட்டையில் ஸ்பாண்டிலோசிஸ் என்று நானாகவே எழுதிக்கொண்டேன். நாளுக்குப் பத்துப் பேர் சொல்வதுதானே. குப்புறப் படுக்கச் சொன்னேன். நடு முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மூச்சை விடச் சொல்லி, அழுத்தப் போகும் நேரம். முகம் மேசைத் துளைக்குள் இருந்தபடியே அவர் கேட்டார்: "தம்பி, இப்ப படுத்துட்டேனே, பரவாயில்லையா? இன்னிக்கு அந்த வாரத்துக்கு ஒரு மாத்திர போடற நாளு. போட்டா அரை மணி நேரம் படுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

கையை எடுத்துவிட்டேன். வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில், விழுங்கிய பின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்றால், அது பெரும்பாலும் எலும்பு அடர்த்திக்கான மாத்திரை. அவருக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம் இல்லை. எலும்பே உள்ளுக்குள் சல்லடையாகும் ஆஸ்டியோபோரோசிஸ். பையில் இருந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடர்த்தி எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அந்த நோய். அவருடையது மைனஸ் 3.4. நான் அழுத்தியிருந்தால் ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம்.

முட்டிக் குருத்தெலும்பு தேய்வதையும் எலும்பு சத்திழந்து மெலிவதையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். முன்னதற்கு நடக்கச் சொல்வோம், கையால் அசைத்துவிடலாம். பின்னதில் கை வைப்பதே ஆபத்து. அந்த அம்மா சொல்லில் தவறு செய்யவில்லை. கேட்டவன் நான், "எந்தத் தேய்மானம்?" என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையே பதிவு அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: 'தினமும், வாரமும், மாதமும் போடும் எல்லா மாத்திரைகளும்.'

சொல்லாமல் விடும் சொல்லும் உண்டு. கிடங்கு வேலை செய்யும் இருபத்தைந்து வயதுப் பையன் தன் தாயாரோடு வந்தான். இடுப்புவலி, இரண்டு காலிலும் வலி. ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தான். தாயாரை வெளியே உட்காரச் சொன்ன பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உக்கார்ற எடம் மதமதன்னு இருக்குண்ணே. ஒண்ணுக்கு வர்றதே தெரியல, நேத்துலேர்ந்து." நான் அவனைத் தொடவேயில்லை. முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால் போலப் பிரியும் நரம்புக் கற்றை நசுங்கினால் வரும் அறிகுறி அது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். கடிதம் எழுதிக் கையில் கொடுத்து நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. வெட்கப்பட்டு இன்னொரு நாள் தள்ளியிருந்தால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேர்ந்திருக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. ஆகவே என்னைப் போன்ற ஒருவரிடம் போகிறீர்கள் என்றால், முறையாகப் படித்துப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள். உள்ளே வந்ததும் நோயின் பெயரைப் பையிலேயே வைத்துக்கொண்டு, குடையுதா, உளையுதா, சுள்ளுன்னு இறங்குதா, மதமதங்குதா என்று உங்கள் வீட்டுச் சொல்லில் சொல்லுங்கள். விரலை வைத்துக் காட்டுங்கள். போடும் மாத்திரையெல்லாம் கொண்டுவாருங்கள். எந்த மருத்துவராவது "தேய்மானம்" என்று சொன்னால், எலும்பிலா, மூட்டிலா என்று அங்கேயே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.